பெல்ட் போட்ட மாலை

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பூஜை போட்ட புது வாடகைக்காரில் ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் தடித்த மீசைக்காரர். வண்டி நிற்கும்போதெல்லாம், கைக்குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல் ஸ்டியரிங் பக்கத்திலிருந்த தொடுதிரையைத் துண்டால் துடைப்பார்.

காரின் வெளிமுகப்பில் தொங்கி ஆடிய மாலையை எதிரில் நிற்கும் ஆள் என்று நினைத்து, கார் அலறியபடி தானாக பிரேக் போட்டது. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது.

"சாமி மாலயப் பாத்தா கத்துத? சீ, என்ன சென்மம்ல நீ!" என்று காரைத் திட்டினார்.

மாலையைக் கழற்றி, தேங்காய்ப் பையோடு பக்கத்து சீட்டில் வைத்தார். அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதாக எண்ணி, பெல்ட் போடச் சொல்லி மறுபடி அலறல்.

"எங்கிட்ட குடுங்கண்ணே," என்றேன்.

"இருக்கட்டும் சார். அது ஆசயும் தீரட்டும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே மாலைக்கு பெல்ட் மாட்டினார். அலறல் நின்றது.

அப்புறம் வழியில் எத்தனையோ இடத்தில் நின்றோம். அவர் துண்டைத் தொடவே இல்லை.