அத்தையின் தழும்புக்கு ஊற்றியது

அத்தையின் காது மடலில் கம்மல் துளையைச் சுற்றித் தழும்பு புளியங்கொட்டை அளவுக்குத் தடித்து வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தபோது, அவருடைய சம்மதத்தோடு அந்தச் சதையைக் கண்டியில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். சில தழும்புகள் ஏன் அடங்காமல் வளர்கின்றன என்பதுதான் என் ஆய்வு.

சதையைப் பொடியாக நறுக்கி, நொதியத்தில் கரைத்து, இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களை, அதாவது செல்களை, மட்டும் நுண்ணிய காந்த மணிகளால் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்க வேண்டும். மற்றவர்களின் தழும்புகளில் எனக்கு அது சரிவரவில்லை. வேண்டாத நார்க் கலங்கள் முந்திக்கொண்டு தட்டை நிரப்பிவிடும். அத்தையின் சதையில்தான் உட்சுவர்க் கலங்கள் கூழாங்கல் பாவிய தரைபோல அழகாகப் பரவின.

நுண்ணோக்கியில் தெரிந்ததைப் படம் எடுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடினேன். தோட்டத்துத் திருவிழா நெருங்கியிருந்தது. வருடம் தவறாமல் பால்குடம் எடுக்கும் அத்தை விரதத்தில் இருந்தார். லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில், எல்லார் முன்னாலும் படத்தை நீட்டினேன்.

"இது நீங்கதான் அத்த. உசுரோட இருக்கீங்க, வளந்துகிட்டு இருக்கீங்க."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த மிதப்பு குரலில் இருந்திருக்கும்.

"இங்க ஒரு ஒல வைக்க மாட்டா. அங்க எனக்கு யாருடி ஆக்கிப் போடுறா?" என்றார் அத்தை. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான்தான். கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்கிற தண்ணிய கலந்து ஊத்துறேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"மாட்டு ரத்தமா?" என்றார் அத்தை.

"அது நீங்க இல்லீங்க அத்த. சும்மா கலம்."

"இப்பத்தான நான்னு சொன்ன?"

அத்தை படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"திருநா முடியிற வரைக்கும் ஊத்தாம இருக்க முடியாதா?"

"செத்துப்போயிரும் அத்த. வேணான்னா தூக்கிக் கொட்டிர்றேன்."

"கொட்டாத. படிப்பு கெட்டுப்போகும்." படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "இந்த வருசம் நான் கொடம் எடுக்கல."

எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை.

திருவிழாவன்று அத்தை வழியோரம் நின்று, குடம் சுமந்து வந்தவர்களின் கால்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஏன் குடம் எடுக்கவில்லை என்று கேட்டவர்களிடம், "காதுப் புண்ணு ஆறல" என்றார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. நான் தண்ணீர் வாளியோடு அவர் பின்னால் நின்றேன். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலை கலங்களுக்கு ஊற்ற முடியும்.