மெனிபோல்ட் ஆறும்வரை

என் அக்கா புருஷன் லொறி வைத்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் பறிக்கிற கொழுந்தை ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோவதுதான் அவர் தொழில். மஸ்கெலியாவில் கராஜ் வைத்திருப்பவன் நான். அவர் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் சாவியை மூஞ்சியில் எறிந்து போடா என்றிருப்பேன். மச்சானாகப் போய்விட்டார். திட்டுவதையும் மரியாதையாகத் திட்ட வேண்டியிருக்கிறது.

மேடு ஏறி வந்த லொறியை தண்ணீர் கொட்டுகிற ரோட்டோரப் பீலியடியில் நிறுத்தி, கொதிக்கிற எஞ்சின்மேல் மலைத்தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார். இந்தப் பக்கத்தில் பாதி லொறிக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஐஸ் மாதிரித் தண்ணீர். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற மெனிபோல்ட் வார்ப்பிரும்பு. வெடிக்காமல் என்ன செய்யும்? விரிசல் விட்டு வெடித்தது. எஞ்சினும் ஏற்கெனவே ஒயில் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றினேன்.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி எஞ்சினைப் பூட்டியதில் சிக்கல் இல்லை. மெனிபோல்ட்தான் இழுத்தடித்தது. ஹட்டனில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. லேத்தில் கொடுத்து மட்டமாக்கி வாங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அதற்குள் தோட்டத்தில் வேறு லொறி பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கொழுந்து நிறுவைக்கு மச்சான் வராவிட்டால் அந்த லொறியையே வைத்துக்கொள்வதாகத் தோட்டத்து மனேஜர் துரை சொல்லியனுப்பியிருந்தார்.

எஞ்சினுக்கும் மெனிபோல்ட்டுக்கும் இடையில் புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நட்டுகளை இறுக்கி ஸ்டார்ட் பண்ணினேன். புகை ஒழுகுகிற டிக் டிக் சத்தம் இல்லை. நன்றாகச் சூடேறவிட்டு நிறுத்தினேன். முழுக்க ஆறியபிறகு இன்னொருதரம் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மேட்டிலேயே கேஸ்கட் போய்விடும்.

“இன்னும் எவ்வளவு நேரம் மாப்ள?” என்றார் மச்சான்.

“ஆறணும்.”

“தண்ணி ஊத்துனா சட்டுனு ஆறிடும்ல?”

வாளியைக் கையில் எடுத்தேவிட்டார்.

“மச்சான், அந்த வாளிய கீழ வைங்க. இல்லாட்டி ஒங்க தலையில கவுத்துருவேன்.”

“கவுத்து. குளிக்காம வீட்டுப் பக்கம் வராதன்னு ஒங்கக்காவும் நாலு நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாளியைக் கீழே வைத்தார். கொழுந்து ஓட்டம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. நானும் அதன்பிறகு கத்தவில்லை. தேத்தண்ணி வாங்கி வந்து லொறிப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் குடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மெனிபோல்ட்டில் கை வைக்க முடிந்ததும் இறுக்கினேன். ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் திரும்பியது.

காலையில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். மேட்டில் ஒரு முணுமுணுப்பு இல்லை. நிறுவை நடக்கிற இடத்தில் தோட்டத்தில் பிடித்திருந்த அந்த மற்ற லொறி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. கொழுந்து கொண்டுவந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்துக் கத்தினார்.

“என்னண்ணே, ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வண்டிய வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?”

நிறுவை எழுதுகிற கணக்கப்பிள்ளை இரண்டு லொறிகளையும் பார்த்தார்.

“சாக்கெல்லாம் நம்ம பழைய வண்டியிலயே ஏத்துங்க” என்றார்.

மற்ற டிரைவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு லொறியைத் திருப்பப் பார்த்தான். ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், மறுபக்கம் பள்ளம். மச்சான் ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றார்.

“வா, வா, இன்னும் வா... ஒடிச்சுக்க தம்பி... நில்லு!”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. சாக்குகளை நானே தூக்கி ஏற்றினேன்.