அண்ணன் முகத்தோடு மலைக்கு

மலையை விட்டு இறங்கியபோது லின்டனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திரும்ப ஏறும்போது அறுபதைத் தாண்டியிருந்தது. அவ்வளவு காலமும் நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் பக்கம், பால் லாரி ஓட்டினார். வானம் தெளிந்த நாட்களில் வடக்கே பனிமலைகள் தெரியும். அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

அவரும் முரேயும் இரட்டையர்கள். முரே சில நிமிடங்கள் மூத்தவன். முதுகைக் காட்டி நின்றால் பெற்றவளுக்கே ஆள் தெரியாது. ஆக்னஸ் மலையில் ஒரு சிறிய பனிச்சறுக்குக் கழகம் இருந்தது. அதில் இருவருக்கும் காவல் வேலை. ராத்திரி பனி கொட்டினால், ஆட்கள் ஏறுமுன் இவர்கள் போய்ச் சரிவுகளைச் சோதிக்க வேண்டும். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம்; அப்படி ஓர் ஆகஸ்ட் காலையில் மேல்சரிவின் பனி விண்டு இறங்கியது. முன்னால் போன முரே அடியில் போய்விட்டான். லின்டன் கையாலும் மண்வாரியாலும் தோண்டினார். கிடைத்தபோது உடம்புதான் கிடைத்தது.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் லின்டனைக் கண்டதும் முரேயின் மனைவி நோலீன் அலறிவிட்டாள். பிறகு அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மேல எனக்குக் கோவமே இல்ல, லின்டன். ஆனா உன்னப் பாத்தா அவரே எந்திரிச்சு வந்து நிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அவள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். இவர் வரட்டும் என்று அவள் இருந்தாளோ என்னவோ.

இந்தக் குளிர்காலத்தில் அவளே போன் செய்தாள். "பனி தங்கமாட்டேங்குது. கழகத்த மூடுறாங்க. சனிக்கிழமை கடைசி. வா."

போன அன்று மழை. சரிவெல்லாம் புல்லும் கல்லுமாகக் கிடந்தது. கழக விடுதியின் வாசலில் பழைய கூட்டாளி ஏர்ல் நின்றிருந்தார்.

"டேய், இன்னும் உசுரோடதான் இருக்கியா? வந்ததும் வந்த, மழையையும் கூட்டிட்டு வந்துட்டியே!"

"மழைய நீயே வச்சிக்க. டீ இருக்கா?"

உள்ளே சமையலறையில் நோலீன் சீஸ் ரோல்களை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். நெற்றி, காது, தொங்கிப்போன கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார். எதையாவது சொல்லித் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இல்ல," என்றாள் கடைசியில். "அவரு இப்படி ஆகியிருக்கமாட்டாரு."

சொல்லிவிட்டு ரோல்களுக்கு வெண்ணெய் தடவப் போய்விட்டாள். முரே இருந்திருந்தால் இப்போது எப்படியிருப்பான் என்று தன் முகத்தில் பார்க்கத்தான் வரச் சொல்லியிருக்கிறாள், அதுவும் அவளுக்கு உதவவில்லை என்று லின்டனுக்குப் புரிந்தது.

அவள் மகள் கிர்ஸ்டி பின்னாலேயே நின்றிருந்தாள். அப்பன் போனபோது கைக்குழந்தை. இப்போது அவளே அங்கே காவல் வேலையில் இருந்தாள்.

"நீங்கதான் சித்தப்பாவா?"

"ஆமாம்மா."

"அம்மா உங்களப் பாக்க முடியாதுன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலையே. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உன்னப் பத்தி நெனைக்காம இல்ல" என்றார். அது தமக்கே ஒப்பேற்றலாகக் கேட்டது.

"அப்பா விழுந்த எடத்தக் காட்டுங்க. ஆளுக்கொரு எடம் சொல்றாங்க."

சறுக்க வருகிறவர்களை மேலே இழுத்துப்போகும் இழுகயிறு ஓடவில்லை. இருவரும் நடந்தே ஏறினார்கள். பாதி வழியில் பனிமூட்டம் சூழ்ந்தது. லின்டன் இந்தப் பாறையைப் பார்த்தார், அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். அன்றைக்கு எல்லாம் வெள்ளையாக இருந்தது. இந்தக் கற்கள் ஒன்றையும் அவர் கண்டதில்லை.

"தெரியலம்மா," என்றார். "பனி இருந்தாதான் எனக்கு அடையாளம் தெரியும்."

கிர்ஸ்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். அவளைத் தொடலாமா என்று தெரியாமல் அவர் பக்கத்தில் மழையில் நின்றார். இறங்கும்போது மட்டும், வழுக்கலான இடங்களில், அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் ஒருமுறை தெற்கே வந்து அவரைப் பார்த்தாள். டீ குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நோலீன் வரவில்லை.