பூக்காட்டில் கேட்ட கபடி

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணியில் நான் ஒரு நாளும் ஆடியதில்லை. ஊரில், அகரத்தில், தையல் கடை வைத்திருக்கிறேன். அணிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது என் வேலை. கேப்டன் என் நாத்தனார். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஒருத்தி வேண்டும் என்பதால் நானும் கூடவே போவேன். போய்ப் போய் ஆட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் நாலு பேர் நடுவில் வாய் திறக்க மட்டும் வராது.

போன வருடம் ஈரோட்டுப் பக்கம் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். அதைப் பார்க்க ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிற பெண்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்போம். அவர் ஒரு குரல் கொடுத்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கப்போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. களம் சேறாகிவிட்டது. நாளைக் காலையில்தான் ஆட்டம் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

வந்தவர்களால் தங்க முடியாது. விடியும் முன்பே பூக்காட்டில் நிற்க வேண்டும். பெரியக்கா வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

"ஏத்தா, நீ போன்ல காட்டு. நாங்க பறிச்சுக்கிட்டே பாத்துக்கிறோம்."

"எனக்கு அம்புட்டு நல்லா எடுக்கத் தெரியாதேக்கா."

"ஆட்டம் தெரிஞ்சாப் போதும்."

காலையில் வீடியோ கால் போட்டேன். தோட்டத்து மோட்டார் ரூம் சன்னலில் போனைச் சாய்த்துவைத்து, ஒரு ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். திரையில் மல்லிகைச் செடிகளும் முக்காடு போட்ட தலைகளும் தெரிந்தன. என் நாத்தனார் எதிரணிப் பக்கம் முதல் ரைடு போனாள். நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, படம் நின்னுபோச்சு," என்று பெரியக்கா கத்தினார். "உன் நாத்தனா ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டே நிக்கிறா."

"அவ தொட்டுட்டு வந்துட்டாக்கா. ஒரு பாயிண்ட்."

"சத்தம் நல்லாத்தான் கேக்குது. நீ அப்படியே சொல்லிக்கிட்டே இரு."

சுற்றிலும் ஆண்கள். கூச்சமாக இருந்தது. முதலில் "போறா, வாரா" என்று முனகினேன். "காதுல விழல," என்று அந்தப் பக்கமிருந்து ஏழெட்டுக் குரல்கள். எழுந்து நின்றேன். யார் கோட்டைத் தாண்டுகிறாள், யார் இடுப்பைப் பிடித்தாள், யார் மண்ணில் உருண்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் சுற்றி இருந்தவர்களை மறந்தே போனேன்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஐந்து பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனை நடுவில் நீட்டினேன். நாத்தனார் குனிந்து, "பெரியக்கா, கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. இங்க ஒருத்தியும் பூவப் பறிக்கல. எல்லாரும் உங்க மதினி சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்கிறோம். வெயில் ஏறுது, மொட்டெல்லாம் விரியப் போகுது. செத்த நேரத்துல ஜெயிச்சு முடிங்க, நாங்க வேலையப் பாக்கணும்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் தோட்டத்திலிருந்து ஒவ்வொருத்தி பேரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேர் கேட்கக் கேட்க அவளவள் எழுந்து நின்றாள். ஏழு பேரும் எழுந்தபின் களத்துக்குப் போனார்கள்.

அதன்பின் ஆடியது வேறு அணிபோல இருந்தது. ஒரே ரைடில் நாத்தனார் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். எதிரணியை ஆல் அவுட் ஆக்கினோம். கடைசி ரைடுக்கு முன் எங்களுக்கு ஒரு பாயிண்ட்தான் கூடுதல். ரைடு அவர்களுடையது. அவர்களின் உயரமான பெண் கபடி பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். மூலையில் நின்ற எங்கள் பெண் அவள் கணுக்காலைப் பாய்ந்து பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். விசில் ஊதினார்கள்.

"பிடிச்சிட்டாக்கா. ஜெயிச்சிட்டோம்."

போனில் சத்தமே இல்லை. கால் கட்டாகிவிட்டதோ என்று பதறிவிட்டேன். என் குரல் தோட்டம் போய்ச் சேர ஒரு நொடி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கணம் போன் அதிர அதிரக் குலவை கேட்டது. நடுவரே திரும்பிப் பார்த்தார். நாத்தனார் ஓடிவந்து போனை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அந்தக் குலவைச் சத்தத்தோடு பிள்ளைகள் களத்தைச் சுற்றி ஓடினார்கள். ஓரமாக நின்ற எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கண்ணில் நீர் நிற்கவில்லை.

ஊருக்கு வந்து இறங்கியதும் பிள்ளைகளை ஊரார் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியக்கா என்னிடம் வந்து சோடா பாட்டிலை நீட்டினார்.

"குடிச்சிட்டு முதல்ல இருந்து சொல்லு."

"அம்புட்டையும் கேட்டீங்களேக்கா."

"கேட்டோம். இப்ப உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்கணும்."

சோடாவைக் குடித்துவிட்டு, கட்டிய குரலிலேயே முதல் ரைடிலிருந்து தொடங்கினேன்.