'பரவாயில்லை' என்பதை நம்பாத சகாயமேரி

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மணியடிக்கும் கோயில்பிள்ளை அருகில் வந்து, "சகாயமேரி சிஸ்டர் விடியக்காலையில தவறிட்டாங்கம்மா" என்றார். நான் மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரி எலும்பு வார்டின் தலைமைச் செவிலியராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கம். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் என்னை நடக்கவைக்க வந்தார்கள். நடக்காவிட்டால் விருத்தாசலத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு சென்னைக்குப் போக வேண்டியதுதான். அப்படியிருந்தும், வலிக்கிறதா என்று கேட்டவர்களிடமெல்லாம் "பரவாயில்லை" என்றேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அடுத்தவர் முன் முனகுவது எனக்குப் பழக்கமில்லை.

சகாயமேரி வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "ஒருதரம் இருமிக் காட்டுங்கம்மா" என்றார். இருமினேன்.

"வாய் பரவாயில்லங்குது. கட்டில் கம்பிய ஏன் இந்த நெரி நெரிக்கிறீங்க?"

"வலி மருந்து பழகிவிடக் கூடாது."

"பழகறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடுவீங்க. வலிக்குதுன்னு அசையாம கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும். அப்புறம் என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யும்வரை யாரையும் என்னைத் தொட விடவில்லை. பிறகு எழுந்து நின்றேன். உடம்பு துடைப்பதற்கும் படுக்கை மாற்றுவதற்கும் முன்பே மருந்து கொடுப்பது அவர் வழக்கம். "துடிச்ச பிறகு குடுத்தா அது மருந்தில்ல, சமாதானம்" என்பார்.

எதிர் அறையில் கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், தொடையெலும்பு முறிந்தவர், மகளையே அடையாளம் தெரியாமல் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் அழுதார்கள். "வலியாவும் இருக்கலாம், மொதல்ல அதப் பாப்போம்" என்று சகாயமேரி டாக்டரைக் கையோடு அழைத்துவந்தார். கால் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மாலையில் அந்தப் பெரியவர் மகளிடம், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று அதட்டியது என் கட்டில்வரை கேட்டது.

சகாயமேரி போர்வை மடிக்கும் விதம் எனக்குப் பிடிக்காது. சொல்லியும்விட்டேன். "எழுந்து நீங்களே மடிங்க, கத்துக்கறேன்" என்றார். மடித்துக் காட்டினேன். கடைசிவரை அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அவரே நோயில் படுத்துவிட்டார் என்று கேட்டு, போன மாதம் பார்க்கப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வலிக்குதும்மா. மருந்தக் கூட்டச் சொல்லியிருக்கேன்" என்றார், குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல.

அந்தக் கூச்சமின்மையைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மகன் தொலைபேசியில், "கால் எப்படிம்மா இருக்கு?" என்றான். "வலிக்கிறது" என்றேன். பேசி முடித்து, என் அடுப்படிக்கு நானே நடந்துபோய்ப் பாலைக் காய்ச்சினேன்.