பாலிசியில் எழுதிய இரண்டாவது பெயர்

எங்கள் பைக் ஸ்டாண்டில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "குட்டோசிக்கு அதிர்ஷ்டம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எட்டு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிகிறது. அது அதிர்ஷ்டம் இல்லை. ஒரு பெண்பிள்ளை செய்த வேலை. அவர் பெயர் பெர்பெத்துவா முசாகி. எங்களுக்கெல்லாம் 'மாயி', அதாவது அம்மா.

ம்பாலே ஊரில் கூமி ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் மாயி முசாகியின் இன்சூரன்ஸ் ஏஜென்சி. குள்ளமான, கனத்த உடம்பு. வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அதற்கு முன் பதினோரு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர். "ஒருத்தனுக்குக் கால் போச்சு, இன்னொருத்தனுக்கு வீடு போச்சுன்னு டைப் அடிச்சே என் விரல் தேஞ்சு போச்சு. அதான் இந்தப் பக்கம் வந்துட்டேன்" என்பார்.

நான் பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைத்தவன். கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய வெள்ளை டொயோட்டா ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். இரண்டுக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் கட்டினால் வயிற்றுக்கு மிஞ்சாது. கம்பெனி ஆபீசரோ, பைக் வேறு, கார் வேறு, இரண்டையும் ஒரே பாலிசியில் போட முடியாது என்றார்.

மாயி விடவில்லை. "ஐயா, இவனுக்கு உட்கார்ற இடம் ஒண்ணுதான். கார்ல உட்கார்ந்தா பைக் சும்மா நிக்கும், பைக்ல உட்கார்ந்தா கார் சும்மா நிக்கும். ரெண்டுக்கும் முழுக்காசு கேட்டா எப்படி?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே பாலிசி, இரண்டு நம்பர், ஓட்டுபவன் நான் ஒருவன் மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாயி கேட்டார். "நீ கார்ல போறப்ப பைக்கை யாருடா ஓட்டுவா?"

"யாரும் இல்ல மாயி. பூட்டிச் சாவிய இடுப்புல வச்சுக்குவேன்."

பொய். எங்கள் ஸ்டாண்டில் பைக்கைச் சும்மா நிறுத்துவது, கறக்கிற மாட்டைக் கறக்காமல் விடுகிற மாதிரி. நான் காரில் போனால் வட்டுவா என்கிற கூட்டாளி என் பைக்கை ஓட்டுவான். வருவதில் பாதி எனக்கு.

மூன்றாம் நாள் மாயி ஸ்டாண்டுக்கு வந்தார். சுட்ட சோளம் ஒன்று வாங்கி, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். நான் காரில் வந்து இறங்கிய நேரம், வட்டுவாவும் பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு என் பைக்கில் வந்து நின்றான்.

"ஏன்டா குட்டோசி, உன் பூட்டுக்கு மீசை முளைச்சிருக்கே" என்றார்.

ஸ்டாண்டே சிரித்தது. வட்டுவா பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டும், காலாவதியான அவன் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். அதற்குக் கூடுதல் பணம். எனக்குக் கோபம் வந்தது.

"என் வண்டி, என் இஷ்டம்."

"வண்டி உன்னோடதுதான். அடிபடுறவன் காலு யாரோடது?"

முணுமுணுத்துக்கொண்டே கூடுதல் பணத்தைக் கட்டினேன். மாயிதான் எனக்கு முன்னால் போய் ஆபீசரிடம் நின்றார். "அன்னைக்கு உட்கார்ற இடம் ஒண்ணுன்னீங்க, இப்ப ரெண்டாயிருச்சா?" என்று ஆபீசர் குத்தினார். "ஆயிருச்சுங்கய்யா, எழுதுங்க" என்றார் மாயி. அவ்வளவுதான். அந்தக் குத்தை எனக்காக வாங்கிக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாசக்கணக்கில் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் போனேன். ஸ்டாண்டில் என்னை 'இன்சூரன்ஸ்காரி மருமகன்' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு ஆகஸ்ட் வந்தது. இம்பாலு வருஷம். பையன்களுக்குச் சுன்னத்து செய்து ஆம்பளையாக்கும் சடங்கு. மேளம் அடித்து ரோடு ரோடாக ஆடுவார்கள். அந்த மாசத்தில் எங்கள் பக்கம் எந்த வண்டியும் ஓய்ந்து நிற்காது. நான் ஒரு பையனின் மாமன்மாரைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். வட்டுவா டவுனில் பைக்கில். வளைவில் ஆட்டக் கூட்டம் திடீரென்று எதிரே வர, அவன் ஹேண்டிலை ஒடித்தான். ஓரமாக நின்ற கொத்தனார் மசோலோ மேல் பைக் ஏறியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. கூட்டம் வட்டுவாவை அடித்தே கொன்றிருக்கும். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் மசோலோவின் மனைவி என்னைத் திட்டவில்லை. "இவரு ஏணியில ஏறலைன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது" என்று மட்டும் சொன்னாள். பிளேட் வைத்தால்தான் கால் தேறும், ஒரு வாரத்துக்குள் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அவ்வளவு பணம் அவர்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

கம்பெனியில் ஒரு கிளார்க் ஃபைலைத் திறந்தான். ஓட்டை தேடுகிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. "நீங்க அன்னைக்கு கார்ல இருந்தீங்க. பாலிசி ஒண்ணு, ஓட்டுறவரு நீங்க. பைக்ல இருந்தது யாரு?" என்றான்.

பக்கத்தில் இருந்த மாயி விரலை நீட்டினார். "கீழ படி தம்பி. இன்னொரு வரி இருக்கு."

வட்டுவாவின் பெயர். லைசென்ஸ் நம்பர். கிளார்க் இரண்டு தரம் படித்தான், ஃபைலை மூடினான். அப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகிறவரை மாயி அந்த பெஞ்சை விட்டு அசையவில்லை. மூன்று நாள். இலையில் கட்டிய மட்டோகே வாழைக்காய் மசியலும் நிலக்கடலைச் சாறும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டார். "ஆபீஸை மோந்து பாருங்க, நான் இருக்கேன்னு தெரியும்" என்று அவர்களிடமே சொன்னார்.

ஐந்தாம் நாள் பிளேட் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மசோலோ லேசாக நொண்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். வட்டுவா வெளியே வந்தான். விற்க வேண்டி வராமல் என் இரண்டு வண்டியும் என் வாசலிலேயே நின்றன.

ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு மாயியிடம் போனேன். வாசலிலேயே வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

"கோழியக் கீழ விட்டுட்டுப் போ. ஆறு மாசம் வணக்கம் சொல்லாதவன் இன்னைக்கு ஒரேயடியாச் சொல்ல வேணாம், மூச்சு வாங்கும்" என்றார்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப்போவேன். காசு வாங்கியதில்லை, அவரும் கொடுக்காமல் இருந்ததில்லை, நான் பார்க்காதபோது சீட்டுக்கு அடியில் செருகிவிடுவார். கடைசியில் எழ முடியாமல் படுத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வையைச் சரிசெய்துவிட்டேன். அவர் கேட்டார்.

"பாலிசி என்னைக்கு முடியுது?"

"வெள்ளிக்கிழமை, மாயி."

"அது முடியிற நேரத்துல நான் போயிட்டா, என்னை எங்க ஊரு புடுடா மலைக்குப் புதைக்கத் தூக்கிட்டுப் போக உன் காரைத்தான் கேப்பாங்க. மழைக்காலம், ரோடு வழுக்கும். நீ நேரா இங்க ஓடி வராத. முதல்ல ஆபீஸ் போயி புதுப்பிச்சுட்டு, அப்புறமா வந்து என்னை ஏத்து. எனக்கு அவசரம் ஒண்ணும் இருக்காது."