பங்குனி ஒயின்

என் கணவர் இறந்தது ஆடிப் பதினெட்டு கழிந்த வாரத்தில். சிவகாசியில் அது காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகிற நேரம். அடுத்த வருடத்துக்கான மாதிரிப் படங்களை ஏஜெண்டுகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதிலிருந்து மார்கழி முடியும்வரை எங்கள் அச்சகத்தில் மிஷின் நிற்காது. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அதற்கு முன்னால் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்த பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். உள்ளே வைத்துக்கொள்ளாதே, கதறி அழுதுவிடு என்று காதில் சொன்னார்கள். உள்ளே எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் இனி நானும் மாமியாரும்தான் என்பது மட்டும் தெரிந்தது.

காரியம் முடிந்த கையோடு அச்சகத்துக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாங்கிப் போட்டிருந்த ஆர்டர்களை யாராவது முடித்துக் கொடுக்க வேண்டுமே. அந்த சீசன் நன்றாகவே நடந்தது. எந்த லோடும் தாமதமாகவில்லை. ஆம்பளையைப் போல நின்று காட்டிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி மாதிரி அதைக் கேட்டுக்கொண்டேன். வீட்டில் நான் வைத்த ரசத்தில் உப்பே இல்லை என்று மாமியார் சொல்லும்போது, நான் அதை இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

பொங்கல் கழிந்ததும் மிஷின் சத்தம் ஓய்ந்தது. காலண்டர் போய்விட்டது, பட்டாசுப் பெட்டி அட்டைக்கு இன்னும் ஆர்டர் ஆரம்பிக்கவில்லை. அந்த மாதங்களில் எங்களுக்குக் கைகொடுப்பது சின்னச் சின்ன லேபிள் வேலைகள்தான். அதில் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கானது. அவர்கள் அங்கேயே விளைகிற பழத்தில் ஒயின் செய்கிறார்கள். ஒரு கண்காட்சியில் அவர்களைப் பிடித்து ஆர்டர் வாங்கி வந்தவர் என் கணவர். பட்டாசுப் பெட்டிக்கு அடிப்பது போல இதற்கு அடிக்க முடியாது. ஐஸ் தண்ணீரில் கிடந்தாலும் காகிதம் உரியக்கூடாது, எழுத்து கைக்குத் தட்டுப்பட வேண்டும். முதல் தாள் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். அவர் மதுவைத் தொட்டவரில்லை.

பழைய, விலை கூடிய ஒயின்கள் அவர்களிடம் உண்டு. ஆனால் எங்களிடம் அதிகம் அடிப்பது பங்குனியில் வருகிற இளம் ஒயினுக்கான லேபிள். மரப்பீப்பாயில் வைத்துப் பழுக்க விடாமல் சீக்கிரமே பாட்டிலில் அடைத்து, அந்தக் கோடைக்குள்ளேயே குடித்து முடிப்பதற்கான ஒயின். சாதாரணச் சம்பளக்காரர்களும் வாங்குகிற விலை. அது வெளிவருகிற சனிக்கிழமை தோட்டத்திலேயே ஒரு விருந்து வைப்பார்கள். ஒயின் செய்பவரே மேசைக்கு மேசை வந்து ஊற்றி, ஒவ்வொன்றைப் பற்றியும் பேசுவார். பணம் கட்டி வருகிறவர்களோடு, கார்க் கொடுப்பவர், பாட்டில் கொடுப்பவர், லேபிள் அடிப்பவர் எல்லோருக்கும் அழைப்பு உண்டு.

அந்த வருடம் லேபிள் போய்ச் சேர்ந்ததும் ஒயின் செய்பவர் போன் செய்தார். ஐம்பதைத் தாண்டியவர், தேனிப் பக்கத்துக்காரர், இந்தத் தொழிலை வெளிநாட்டில் போய்ப் படித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“சார் வருசா வருசம் வாரேன் வாரேன்னு சொல்லி வரவே இல்ல. நீங்களாச்சும் வாங்கம்மா. குடிக்கணும்னு கட்டாயம் இல்ல.”

சரி என்று சொன்னேன். போகும் ஆசையில் சொல்லவில்லை. மாட்டேன் என்றால் காரணம் தேட வேண்டும்.

விருதுநகரில் வங்கியில் வேலை பார்க்கும் என் நாத்தனாரிடம் சொன்னபோது அவளும் வருவதாகச் சொன்னாள். என் கணவருக்கு ஒரே தங்கை. கார் ஓட்டுவதில் அவளுக்குப் பிரியம். மாமியாரிடம் லேபிள் விஷயமாகப் போகிறோம், இரவு தங்கி வருவோம் என்றோம். பொய்யில்லை. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கும்வரை அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். தேனிக்கு அப்புறம் இரண்டு பக்கமும் பச்சை. எங்கள் பக்கத்து வேலிக்கருவைக் காட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதாவது செய்திருக்க வேண்டும். பச்சையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு எதிரே பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. சிவகாசி என்றதும் அந்தப் பெண், பட்டாசுக்கு நடுவில் இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்டாள். நாங்கள் காகிதக்காரர்கள் என்றேன். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எந்தத் திசை என்று பார்ப்போம், போன் அடிப்போம், நம் ஆட்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி வேலைக்குத் திரும்புவோம். அதையெல்லாம் ஒரு விருந்தில் எப்படிச் சொல்வது.

ஒயின் செய்பவர் முதலில் வெள்ளை ஒயினை ஊற்றினார். கூடவே பொரித்த அணை மீன். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய், என்ன வாசனை தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கொய்யா என்றார் ஒருவர். எலுமிச்சைத் தோல் என்றார் இன்னொருவர். மழை விழுந்த மண் என்று பெங்களூர்ப் பெண் சொன்னாள். என் முறை வந்தது. நானும் முகர்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாய் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியல” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டாவது இளஞ்சிவப்பு. கம்பத்துப் பன்னீர்த் திராட்சையில் செய்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் கூடை கூடையாக வந்து இறங்குகிற அதே கறுப்புப் பழம்தான். கிளாஸை முகர்ந்த நாத்தனார் அதை அப்படியே கீழே வைத்தாள். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“அண்ணன் எங்க வீட்டுக்கு வாரப்பல்லாம் இந்தப் பழந்தான் வாங்கியாரும், மதினி. வேற எதுவும் வாங்காது.”

அவர் தங்கை வீட்டுக்கு என்ன வாங்கிப் போவார் என்று எனக்கு அதுவரை தெரியாது. முகம் தெரியாத அத்தனை பேருக்கு முன்னால் அவள் வாய்விட்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன், தண்ணீரை நகர்த்தி வைத்தேன், துடைக்கத் துணி கொடுத்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் கை செய்தது. அழுகை இப்படித்தான் வரும் போலிருக்கிறது, முதலில் தோளில் தொடங்கி அப்புறம் தொண்டைக்கு வரும் போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்மேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்லலாம். அதுவும் அந்த நேரம் தெரியவில்லை.

அவள் முகம் கழுவி வந்து உட்கார்ந்ததும், பெங்களூர்க்காரர் மெல்ல ஏதோ கேட்டு அவளைப் பேச வைத்தார். ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. அதோடு சிவப்பு ஒயின். இதுவும் இந்த வருடத்து இளசுதான், இன்னும் முரட்டுத்தனம் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒயின் செய்பவர் ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தேன். விழுங்கின பிறகு என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கன்னத்தின் உள்பக்கம் இரண்டு பக்கமும் சுருங்கியது. பச்சை வாழைக்காயைக் கடித்தது போல, வாயில் இருந்த ஈரத்தை யாரோ துணி கொண்டு ஒற்றி எடுத்தது போல இருந்தது. மறுபடி ஒரு வாய் குடித்தேன். மறுபடியும் அதே. அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கூப்பிட்டேன்.

“நாக்கப் பிடிச்சு இழுக்குதுங்க.”

“ஆமா. துவர்ப்பு. தோலும் விதையும் சேந்து ஊறுனதுல வாரது. பலபேருக்குப் பிடிக்காது.”

பிடித்ததா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் என் வாய்க்குள் ஒன்று நடந்தது, அது எனக்குத் தெரிந்தது. ஆடி மாதத்திலிருந்து அப்படி ஒன்று தெரிந்ததில்லை. கிளாஸில் இருந்ததை மெதுவாகக் குடித்து முடித்தேன். துக்கம் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. துவர்ப்பு மட்டும் வந்துவந்து போனது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது அந்தச் சிவப்பு ஒயினில் ஆறு பாட்டில் வாங்கினேன். நாத்தனார் டிக்கியில் பழைய போர்வை சுற்றி அடுக்கினாள்.

மாமியாருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஒளிப்பதற்கும் மெனக்கெட வேண்டும். ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை நிறுத்தி வைத்தேன். சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து குளித்துவிட்டு அரை டம்ளர் ஊற்றிக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து குடிப்பேன். சில நாட்கள் அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு ஒரு நாள் எதிரே வந்து நின்றார்.

“இதை எம்மவன் குடிச்சிருந்தா நீ விட்டிருப்பியா?”

யோசித்துப் பார்த்தேன்.

“விட்டிருக்க மாட்டேன் அத்தை.”

“அப்பறம்?”

“குடிச்சா நாக்குல ஏதோ தெரியுது. வேற எதுலயும் தெரிய மாட்டேங்குது.”

அவர் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து ரசத்துக்கு உப்புப் போடுவதை அவரே எடுத்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த விஷயம் அதோடு முடிந்தது. ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த பங்குனியில் நாத்தனார்தான் அந்த யோசனையைச் சொன்னாள். நாம் ஏன் அங்கன போகணும், அவுகள இங்கன கூப்பிடுவோமே என்றாள். ஒயின் செய்பவர் உடனே ஒத்துக்கொண்டார். எங்கள் மொட்டைமாடியில் ஆறேழு பேருக்கு மட்டும். எங்கள் அட்டை வெட்டும் யூனிட்டை நடத்துகிற தம்பதி, நாத்தனாரின் வங்கித் தோழிகள் இரண்டு பேர், அப்புறம் நாங்கள். விருதுநகரிலிருந்து எண்ணெய்ப் பரோட்டாவும் சுக்காவும் வாங்கி வந்தோம். சாத்தூர்ச் சேவு வாங்கித் தட்டில் கொட்டி வைத்தோம். பன்னீர்த் திராட்சை ஒயினுக்கு இந்தச் சேவு போல ஒரு ஜோடியை வெளிநாட்டிலும் பார்த்ததில்லை என்று ஒயின் செய்பவர் சொன்னார். விருந்தாளி சொல்கிற உபசார வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் தட்டு காலியானது.

மாமியார் அன்று வீட்டில் இல்லை. விருந்து என்று நான் சொன்னதுமே, “அன்னைக்கு நான் மக வீட்ல போய் இருந்துக்கிடுதேன்” என்று தானாகச் சொல்லிவிட்டார். நாத்தனார் காலையில் அவரை விருதுநகரில் விட்டுவிட்டு, சாயங்காலம் பரோட்டாவோடு திரும்பினாள். கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சாப்பாடு பத்தாமல் போய்விடப் போகிறது, கூட வாங்கச் சொல் என்றார்.

அன்றும் என்ன வாசனை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார் ஒயின் செய்பவர். நாத்தனார் இளஞ்சிவப்பு ஒயினை முகர்ந்து, அண்ணன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த முறை அழவில்லை. வெள்ளை ஒயினில் எனக்கு அன்றும் எந்த வாசனையும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

இப்போது சில நாள் சாப்பாட்டிலும் எனக்கு ஏதோ தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தெரியாத நாள்தான் அதிகம். அழுகை இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன். போன பங்குனியில் தோட்டத்தில் புதிதாக ஒரு சிவப்பு ஒயின் வந்திருந்தது, இன்னும் விலை குறைவு. மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு வாய் குடித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. வெறும் புளிப்பு, வேறொன்றும் இல்லை.

“இது நல்லா இல்லைங்க” என்றேன்.

என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். ஒயின் செய்பவர் தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்து, வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

“ஆமாம்மா, அவசரப்பட்டு இறக்கிட்டேன்” என்றவர், என் கிளாஸை எடுத்துத் தரையில் கவிழ்த்துவிட்டு, வழக்கமான துவர்ப்புச் சிவப்பில் ஒரு பாட்டிலைத் திறக்கப் போனார்.